எந்த வாயிலில் நிற்கின்றோம்?

பூட்டிய வீட்டின் முன் நிற்பவன் முதலிற் செய்யவேண்டியது கதவை உடைப்பதன்று. தான் வந்தது உரிய வீடுதானா என்று இலக்கத்தைப் பார்ப்பதேயாம். இஃது எல்லோரும் அறிந்த உண்மை. எனினும், கணினியின் முன் அமர்ந்தவுடன் இவ்வெளிய அறிவு நம்மிற் பலரைக் கைவிட்டுவிடுகின்றது. தரவுத்தளத்தோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று திரை அறிவித்ததும், அது கூறியது யாதென வாசியாமலே, மென்பொருளை நீக்கி மீள நிறுவுவாரும், காவலை எல்லாம் தளர்த்துவாரும், களஞ்சியமே பழுதாயிற்று என்று கைவிரிப்பாருமாக நாம் மாறிவிடுகின்றோம். இவ்வழக்கம் ஒழியவேண்டும் என்பதே இக்கட்டுரையால் நாம் வற்புறுத்த விழைவது.

கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும் போற்றும் யூபிலி மலரில் இத்தகைய இயந்திர விவகாரத்துக்கு இடமேது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். முன்னாளிற் பழைய மாணவர் பெயர்கள் தடித்த அட்டையிட்ட பேரேட்டில் இருந்தன. அதனைத் திறப்பதற்கு ஒரு கை போதும். இன்று அவை தரவுத்தளத்தில் உள. கோயில் உபயகாரர் பட்டியலும், மருந்துக்கடையின் இருப்பும், வணிகரின் கடன் கணக்கும், சனசமூக நிலையத்தின் நூற்பட்டியலும் பல இடங்களில் அவ்வாறே ஆகிவிட்டன. திறக்கும் வழி அறியாதார்க்கு நிறைந்த பேரேடும் வெற்றேடும் ஒன்றே. ஆதலின் இது நிபுணர் சிலரின் தனிச்சொத்தன்று. நம் பொது விவகாரமேயாகும்.

நமக்கு நேர்ந்ததையே கூறுவோம். நம் சங்கத்தின் பெயர்ப்பதிவு ஹெந்தளையில் ஓர் அன்பரின் இல்லத்துக் கணினியில், மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் பேணப்படுகின்றது. களனி கங்கைக்கு இப்பால், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள செயற்குழுவினர் மறைகுறியிட்ட தனிவழி ஒன்றினூடாக அதனை அணுகிப் பார்ப்பதும் திருத்துவதும் வழக்கம். விழா அழைப்பிதழுக்கு முகவரிகளைத் திரட்டவேண்டிய வாரத்தில் ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டு மீண்டது. மறுநாள் வெள்ளவத்தைக் கணினி ஹெந்தளையை எட்டவில்லை. உடனே நால்வர் நான்கு மருந்து கூறினர். மென்பொருளை மீள நிறுவுக என்றார் ஒருவர். தீச்சுவரை அணைத்துவிடுக என்றார் மற்றொருவர். எல்லோர்க்கும் முழு அதிகாரம் வழங்குக என்றார் மூன்றாமவர். பதிவு அழிந்துபோயிற்று, புதிதாகத் தொகுப்போம் என்றார் நான்காமவர். திரையில் இருந்த ஒரு வரிச் செய்தியை நால்வரும் வாசித்திலர். அந்நால்வருள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

நிற்க. தரவைக் காத்து வழங்கும் நிரலைச் சேவையகம் என்றும், அதனிடம் கேட்டுப் பெறும் நிரலைச் சேவைப்பயனர் என்றும் கூறுவர். வெள்ளவத்தையிலிருந்து ஹெந்தளைக்கு நண்பரைக் காணச் செல்வோன் கடக்கவேண்டியவற்றை எண்ணிப் பார்த்தால், இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வது தெளிவாகும். முதலில் நண்பரின் முகவரி தெரியவேண்டும். அடுத்து, வெள்ளவத்தை முதல் களனிப் பாலத்துக்கு அப்பால் வரை வழி திறந்திருக்கவேண்டும். வீட்டை அடைந்தபின் உரிய கதவைத் தட்டவேண்டும். தட்டும்போது அங்கே ஆள் இருக்கவேண்டும். யாரெனக் கேட்பார்க்குத் தன்னை மெய்ப்பிக்கவேண்டும். நாடிவந்த அறை அவ்வீட்டில் இருக்கவேண்டும். ஈற்றில், இருவரும் ஒரே மொழியிற் பேசவேண்டும். முகவரி, வழி, துறை, காவல், அறை, மொழி என்னும் இவ்வாறும் ஆறு வாயில்களாம். முதல் வாயிலில் நிற்பவன் நான்காம் வாயிலின் திறப்பைத் தேடி என்ன பயன்? பிழைச்செய்தி என்பது நாம் எந்த வாயிலில் நிற்கின்றோம் என்பதை அறிவிக்கும் குரலேயன்றி, நம்மை வைதுரைக்கும் சொல்லன்று.

அக்குரல் வெகு தெளிவானது. மைஎஸ்கியூஎல் 2005 என்னும் பிழையிலக்கத்தைக் காட்டினால், நாம் குறித்த பெயருடைய கணினி அறியப்படவில்லை என்பது பொருள். 2003 ஆயின், முகவரி உண்டு, சேவையகத்தைத் தொட இயலவில்லை. 1130 ஆயின், நாம் வந்த கணினிக்கு அனுமதி இல்லை. 1045 ஆயின், பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. 1049 ஆயின், கேட்ட பெயரில் தரவுத்தளம் அங்கில்லை. ஒராக்கிள் என்னும் தரவுத்தளத்திலும் இவ்வரிசை உண்டு. 12154 என்பது நாம் கொடுத்த இணைப்புப் பெயரின் பொருளே விளங்கவில்லை என்பது. 12541 என்பது அத்துறையிற் செவிசாய்ப்பார் எவரும் இலர் என்பது. 12514 என்பது செவிசாய்ப்பவர் உளர், நாம் கேட்ட சேவையை அவர் அறியார் என்பது. 1017 என்பது பெயர் அல்லது கடவுச்சொல் பிழை என்பது. ஓரிலக்கம் மறைந்து அடுத்த வாயிலின் இலக்கம் தோன்றுமாயின் அது தோல்வியன்று. ஒரு வாயிலைக் கடந்தோம் என்பதற்குச் சான்று. இதனை உணராதார், இன்னும் பிழைதானே வருகின்றது என்று சலித்து, சரிசெய்த பகுதியையும் கலைத்துவிடுவர்.

ஒரே இலக்கத்துள்ளும் வேறுபாடு உண்டு. தொடர்பு உடனே மறுக்கப்படுதல் ஒன்று; நெடுநேரம் காத்திருந்தும் விடையே வாராமை மற்றொன்று. மறுப்பு வருமாயின், பெரும்பாலும் வீட்டை அடைந்துவிட்டோம், அக்கதவில் எவரும் இலர் என்பது பொருள்; சேவையகம் இயங்காதிருக்கலாம், அல்லது வேறு துறையில் இருக்கலாம். விடையே வாராதாயின், பெரும்பாலும் இடைவழியில் ஒரு தீச்சுவர் நம் செய்தியை ஓசையின்றி விழுங்குகின்றது, அல்லது அம்முகவரியில் வீடே இல்லை. துறை என்றது, ஒரு கணினி பல பணிகளை ஆற்றுவதால் ஒவ்வொன்றுக்கும் வகுத்த இலக்கத்தை. மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரஸ்கியூஎல்லுக்கு 5432, மைக்ரோசொப்ற் எஸ்கியூஎல் சேவையகத்துக்கு 1433, ஒராக்கிளுக்கு 1521 என்பன வழக்கமான இலக்கங்கள். நிறுவியவர் மாற்றியிருக்கவும் கூடும். ஆதலின் வழக்கத்தை நம்பாது விசாரித்தறிதல் நன்று.

நம் கணினியில் வந்தது விடை வாராமை. தனிவழி திறந்திருந்தது, எனவே ஐயம் முகவரியின்மேற் சென்றது. ஹெந்தளை அன்பரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது உண்மை வெளியாயிற்று. வீட்டிலுள்ள இணைப்புப் பெட்டி, மின்சாரம் மீண்டதும், தன் கீழுள்ள கணினிகளுக்கு முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டிருந்தது. வீதி அதுவே, வீட்டிலக்கம் மாறிவிட்டது. நம் கணினியோ பழைய இலக்கத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்தது. அப்பெட்டியில் அக்கணினிக்கு நிலையான முகவரியை ஒதுக்குவித்தோம். பத்து நிமிடத்தில் முடிந்த இப்பணிக்காக அன்று காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கினோம்.

அடுத்து 1045 தோன்றியது. இச்செய்தியின் ஈற்றிலே, கடவுச்சொல் அனுப்பப்பட்டதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என ஒரு குறிப்பு இருக்கும். ஆம் என்றிருப்பின் கடவுச்சொல் பிழையாகலாம். இல்லை என்றிருப்பின் கடவுச்சொல் புறப்படவே இல்லை. நமக்கு வந்தது இல்லை என்பது. கடவுச்சொல்லோ ஒழுங்கமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அப்படியாயின் அது ஏன் போகவில்லை? இக்கேள்வியை அப்போதே எழுப்பியிருந்தால் பின்னர் நேர்ந்த இழப்பு நேர்ந்திராது. அவசரத்தில் ஒருவர் கடவுச்சொல்லைக் கையால் தட்டெழுதினார், கதவு திறந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். காவலாளி சொன்ன குறிப்பைக் கேளாது உள்ளே நுழைந்தோம்.

ஈண்டு ஒழுங்கமைப்புக் கோப்புகளைப் பற்றிச் சில கூறவேண்டும். அவற்றில் எழுதுவது எளிது. எழுதியதை நிரல் வாசித்ததா என்பதே கேள்வி. மைஎஸ்கியூஎல் கோப்பிலே சேவையகத்துக்கு ஒரு தலைப்பும் சேவைப்பயனருக்கு ஒரு தலைப்பும் உள. ஒன்றன்கீழ் எழுதவேண்டியதை மற்றதன்கீழ் எழுதினால், எழுத்தெல்லாம் சரியாயிருந்தும், உரியவர் அதனை வாசியார். போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் அனுமதி விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலிற் பொருந்தும் விதியே இறுதி விதி. மேலே மறுத்துக் கீழே அனுமதித்தால் மறுப்பே நிலைக்கும். அன்றியும், அது இயல்பிலே தன் சொந்தக் கணினியின் அழைப்பை மாத்திரமே செவிமடுக்கும்; பிறர்க்குச் செவிசாய்க்கவேண்டின் அதனைத் தனியே கூறவேண்டும். லினக்ஸ் போன்ற முறைமைகளில், லோக்கல்ஹோஸ்ட் என்னும் பெயரைக் கொடுத்தால் மைஎஸ்கியூஎல் பயனர் வலையமைப்பின் வழியே செல்லாது, கணினிக்குள்ளேயே உள்ள வேறொரு வாயிலால் நுழைவர், 127.0.0.1 என்று கொடுத்தால் வலையமைப்பின் துறையால் நுழைவர். இரண்டும் ஒன்றென எண்ணி மயங்கினார் பலர்.

இனி, இழப்பைக் கூறுவோம். உள்ளே நுழைந்தபின் பெயர்ப்பதிவு திறந்தது. தமிழ்ப் பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள் நின்றன. ஆறாம் வாயிலாகிய மொழியில் நாம் தடுக்கப்பட்டோம். தமிழ் 1991 ஆம் ஆண்டிலேயே யூனிகோட்டில் இடம்பெற்றது. எனினும் மைஎஸ்கியூஎல், ஒருவர் வேறு கூறாதவிடத்து, லத்தீன் எழுத்துமுறையையே கொள்ளும் வழக்கத்தை 2018 இல் வெளிவந்த 8.0 ஆம் பதிப்பிலேதான் கைவிட்டது. நம் கணினியிலிருந்ததோ பழைய சேவைப்பயனர் நிரல். தமிழை அனுப்புக என்னும் கட்டளையும் கடவுச்சொல்லும் அதே கோப்பில், அதே பிழையான தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருந்தன. கடவுச்சொல் போகாமையும் தமிழ் வாராமையும் ஒரே நோயின் இரு குறிகள். முதற்குறியைக் கையால் மறைத்தோம்; நோய் இரண்டாம் இடத்தில் வெளிப்பட்டது.

திரையிற் கேள்விக்குறி கண்டவுடன் தரவு அழிந்தது என்று கருதற்க. அது பெரும்பாலும் வரும் வழியில் நிகழும் மாற்றமேயாகும். களஞ்சியத்திலுள்ளது அவ்வாறே இருக்கலாம். அறிவதற்கு வழி உண்டு. சேமித்துள்ள எழுத்தை எண்களாகக் காட்டுமாறு தரவுத்தளத்தையே கேட்கலாம். அகர எழுத்து யூனிகோட்டின் வழக்கமான சேமிப்பு முறையில் 224, 174, 133 என்னும் மூன்று எண்களாக இருக்கும். அம்மூன்றும் இருப்பின் தமிழ் நலமாக உள்ளது. பயனர் பக்கத்து அமைப்பையே திருத்தவேண்டும். 63 என்னும் தனியெண் இருப்பின் அது மெய்யாகவே கேள்விக்குறி, பெயர் போயிற்று. கேள்விக்குறிக்குப் பதிலாக, கோடேறிய லத்தீன் எழுத்தும் வட்டத்துட் பதிந்த வணிகக் குறியும் மாறிமாறித் தோன்றுமாயின், அவ்வெண்களை நிரல் லத்தீன் என்று பிழையாக வாசிக்கின்றது; அதனைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஹெந்தளைக் களஞ்சியத்தில் அக்காலை எல்லாப் பெயர்களும் நலமாகவே இருந்தன. ஆயினும், பெயர்கள் பின்னர் சரியாகும், தொலைபேசி இலக்கங்களை இப்போதே திருத்திவிடுவோம் என்று நம்மவர் ஒருவர் வேலையைத் தொடர்ந்தார். நிரலோ, ஒருவரின் இலக்கத்தைத் திருத்திச் சேமிக்கும்போது, திரையில் உள்ள அவரின் பெயரையும் சேர்த்தே சேமிக்கும் இயல்பினது. கேள்விக்குறி பெயராகச் சென்று அமர்ந்தது. தரவுத்தளம் இதனைப் பிழை என்று கூறவில்லை. கூறுவதற்கும் இல்லை, கேள்விக்குறியும் ஓர் எழுத்தன்றோ! அன்று மாலைக்குள் 17 பெயர்கள் அழிந்தன. தொடர்பு கிடையாதிருந்த காலை முழுவதும் ஒரு பெயரும் அழியவில்லை. தொடர்பு கிடைத்த பின்னரே அழிந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

பதினைந்து பெயர்களை முந்திய மாதத்துப் பிரதியிலிருந்து மீட்டோம். இரண்டு பெயர்கள் அப்பிரதிக்குப் பின் சேர்க்கப்பட்டவை. ஒருவர் ரொறன்ரோவில் இருப்பவர். தொலைபேசியில் அழைத்ததும் தம் பெயரைத் தாமே எழுத்தெழுத்தாகச் சொன்னார். மற்றவர் இடையிற் காலமாகிவிட்டார்; உறவினர் எவரும் இந்நாட்டில் இலர். அவருடைய பெயரும் தந்தையார் பெயரும், ஹெந்தளை அன்பர் பழைய பழக்கத்தால் ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்துவைத்திருந்ததனாலேயே மீண்டும் கிடைத்தன. புலம்பெயர்ந்து உலகெங்கும் சிதறிய ஒரு சமூகத்துக்குப் பெயர்ப்பதிவு வெறும் பட்டியலன்று. ஒருவர் இங்கே பயின்றார், இன்னாரின் மகன் என்பதற்குச் சிலர் திறத்தில் அஃதொன்றே எஞ்சிய சான்று. அதனைக் கேள்விக்குறியாக்கும் உரிமை நமக்கில்லை.

கதவு திறவாவிடின் எல்லாக் கதவுகளையும் கழற்றிவிடும் போக்கையும் நாம் கண்டிக்கின்றோம். தீச்சுவரை அணைத்ததும், எம்முகவரியிலிருந்தும் எவரும் வரலாம் என்றதும், கடவுச்சொல்லை நீக்கியதும் தொடர்பு கிடைத்துவிடும் என்பது உண்மையே. கள்வனுக்கும் அது கிடைக்கும். 2017 ஜனவரியில், கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த மொங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கானவற்றைக் கயவர் துடைத்தழித்து, பணம் செலுத்தினால் மீட்டுத்தருவோம் என்று குறிப்பெழுதி வைத்துச் சென்றனர். அவற்றின் உடைமையாளரைத் தோற்கடித்தது கள்வரின் நுண்ணறிவன்று. தாமே திறந்துவைத்த கதவு. அவ்வாண்டின் இறுதியில் வந்த 3.6 ஆம் பதிப்பிலிருந்து அத்தரவுத்தளம், வேறு கூறாதவிடத்துத் தன் சொந்தக் கணினிக்கு மாத்திரமே செவிசாய்க்குமாறு அமைக்கப்பட்டது. ஐயந்தீர ஆராய்வதற்காக ஒரு காவலைச் சிறிது நேரம் தளர்த்துவது வேறு. தளர்த்தியதை மறந்து வீடு செல்வது வேறு.

இத்துணை ஆராய்ச்சிக்கு நேரமேது, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பினால் சரியாகிவிடுகின்றதே என்பாரும் உளர். சில வேளைகளிற் சரியாகும், அதனை மறுக்கவில்லை. இணைப்புகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகியவிடத்து அது உடனடி ஆறுதலும் தரும். மைஎஸ்கியூஎல் இயல்பில் ஒரே வேளையில் 151 இணைப்புகளையே ஏற்கும். ஆனால் இணைப்புகளை மூடாது விடும் நிரல் அவ்வாறே இருக்குமாயின் நோய் மறுநாளும் வரும். காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல் உடம்பைக் குளிர்விப்பது மருத்துவமாகாது. செய்தியை முதலிற் பிரதிசெய்து வைத்துக்கொண்டு அதன்பின் அணைப்பதில் யாதொரு நட்டமும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன சில. முதலாவது, பிழைச்செய்தியை முழுமையாக, இலக்கத்தோடு எழுதிக்கொள்க. உதவி கேட்குமிடத்து, வேலை செய்யவில்லை என்று கூறாது, அச்செய்தியையே கூறுக. இரண்டாவது, ஆறு வாயில்களையும் வரிசையாகக் கடந்து பார்க்க. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. பயன் தராத மாற்றத்தை மீள வைக்க. மூன்றாவது, எதனையும் மாற்றுமுன் தரவுக்குப் பிரதி எடுக்க. திரையில் எழுத்துப் பிழைத்துத் தோன்றும்போது எதனையும் சேமியாதிருக்க. நான்காவது, முகவரி, துறை, தரவுத்தளப் பெயர், எழுத்துமுறை, யார் யார்க்கு என்ன அதிகாரம் என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் ஒப்படைக்க; கடவுச்சொல்லை மாத்திரம் அத்தாளில் எழுதாது வேறிடத்திற் காக்க. இன்று இவையெல்லாம் பல சங்கங்களில் ஓர் இளைஞனின் நினைவிலேயே உள. அவன் வெளிநாடு சென்றால் சங்கத்தின் திறப்பும் உடன் செல்கின்றது.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உயர்தர வகுப்பிலே தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் என்னும் பாடத்தில் தரவுத்தளங்களும் எஸ்கியூஎல் மொழியும் கற்பிக்கப்படுகின்றன. மாணவர் அட்டவணை வரையவும் வினவல் எழுதவும் பழகுகின்றனர், நன்று. ஆனால் அவர்கள் காண்பது பெரும்பாலும் முன்னரே திறந்துவைத்த வீடு. ஆசிரியர் வேண்டுமென்றே துறையிலக்கத்தை மாற்றிவைத்து, அல்லது ஒரு விதியை இடம்மாற்றி எழுதி, எந்த வாயிலில் நிற்கின்றாய் என்று மாணவனைக் கேட்கும் செய்முறைப் பாடம் தவணைக்கு ஒன்றாயினும் நடைபெறவேண்டும். விடையைச் சரியாகக் கூறுபவனுக்கு மாத்திரமன்றி, தான் பார்த்தவற்றை வரிசையாக எழுதிவைப்பவனுக்கும் புள்ளி வழங்கவேண்டும். ஆய்வுகூடத்துக்குக் கணினிகளை உவந்தளிக்கும் பழைய மாணவர், தம் வாரநாட்களில் ஒரு பிற்பகலையும் இதற்காக அளிப்பாராயின் அக்கொடை பன்மடங்காகும்.

ஹெந்தளைப் பதிவு இன்று நலமாக உள்ளது. அக்கணினிக்கு அருகே, முகவரியும் துறையும் மொழியும் குறித்த தாள் ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. அப்பியாசக் கொப்பியும் மேசை அறையில் இருக்கின்றது. அடுத்த முறை மின்சாரம் தடைப்பட்டு மீளும்போது நால்வர் நான்கு மருந்து கூறாது, ஒருவர் செய்தியை வாசிக்க மற்றவர் எழுதிக்கொள்வாராயின், இழந்து மீட்ட அப்பதினேழு பெயர்களுக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன் ஒருவாறு தீரும். அன்பர்கள் இதனை மனங்கொள்வார்களாக.